காதுக்குள் எண்ணெய் ஊற்றும் முன்...

ஆடலூரிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறீர்களா? காப்பித் தோட்டம், மலைவாழை, மூடுபனி எல்லாம் தாண்டி, பன்றிமலை வழியாகத் திண்டுக்கல் நோக்கி பஸ் வளைந்து வளைந்து இறங்கும். நாலைந்து வளைவு தாண்டியதும் காது ‘கம்’மென்று அடைத்துக் கொள்ளும். பக்கத்து ஸீட்டுக்காரர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும். எச்சிலை விழுங்கினால் ‘டப்’பென்று ஒரு சத்தம். காது திறந்து விடும்.

இதை எல்லோரும் அனுபவித்திருப்போம். ஆனால் அந்த ‘டப்’ சத்தத்துக்குள் காது நோய்களைக் கண்டறியும் ஒரு முக்கியமான பரிசோதனையே ஒளிந்திருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

காதுக்குள் ஒரு சின்ன அறை

காதின் துவாரத்துக்குள் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் செவிப்பறை இருக்கிறது. ஒரு சட்டைப் பொத்தான் அளவுள்ள மெல்லிய சவ்வு. அதற்குப் பின்னால் இருக்கும் காற்றறைதான் நடுச்செவி. அதற்குள் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் சங்கிலி போலக் கோத்திருக்கின்றன. செவிப்பறையில் வந்து மோதும் ஒலியின் அழுத்தத்தை, சுமார் இருபது மடங்குக்கு மேல் கூட்டி உட்காதுக்கு அனுப்புவது இவற்றின் வேலை.

இந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதுதான் மூக்கின் பின்பக்கத்தில் போய்த் திறக்கும் யூஸ்டேஷியன் குழாய். சாதாரணமாக மூடியே இருக்கும். நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து, உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தை வெளிக்காற்றோடு சமப்படுத்திவிட்டு மூடிக்கொள்ளும்.

மலையிலிருந்து இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. உள்ளே இருப்பதோ மேலே இருந்தபோது அடைபட்ட காற்று. வெளி அழுத்தம் செவிப்பறையை உள்பக்கமாகத் தள்ளி இறுக்கிவிடுகிறது. இறுகிய பறை சரியாக அதிராது. அதனால்தான் காது மந்தம். விழுங்கியதும் குழாய் திறக்கிறது, அழுத்தம் சமமாகிறது, காது கேட்கிறது.

சரி, சளி பிடித்து அந்தக் குழாய் திறக்கவே இல்லை என்றால்? மலையில் ஏறாமல் இறங்காமல் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் இதே கதிதான். அடைபட்ட காற்றை உள்சவ்வு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். அறைக்குள் அழுத்தம் குறையும். செவிப்பறை உள்வாங்கும். பிறகு அந்த அறையில் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, சீழும் வராது. கேட்பது மட்டும் குறையும். இது வெளியில் தெரியாத நோய்.

“ஒரு சீசா தைலம் குடுங்கய்யா”

ஒரு மழைக்கால முடிவில் ஆடலூரிலிருந்து ஒரு பாட்டி, ஆறு வயதுப் பேரனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“கூப்பிட்டா திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறான்யா. டி.வி.யை அலற விடுறான். கவனமே இல்லைன்னு டீச்சர் தெனம் சொல்லி விடுறாங்க. அவங்கப்பன் ரெண்டு அடியும் போட்டுட்டான். காது அடைச்சிருக்கும் போல. நல்ல தைலமா ஒரு சீசா குடுங்க. ரெண்டு சொட்டு விட்டாச் சரியாப் போயிரும்.”

பையனைப் பார்த்தேன். வாயைத் திறந்தே வைத்திருந்தான். மூக்கடைப்பு. தூங்கும்போது குறட்டை விடுவான் என்றார் பாட்டி. என் கேள்விக்கு அவன் என் முகத்தை, குறிப்பாக உதட்டைப் பார்த்துப் பதில் சொன்னான். சில எழுத்துகள் மழுங்கி வந்தன.

சித்த மருத்துவத்தில் நோயறிய எண்வகைத் தேர்வு உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் ‘மொழி’ என்பது நோயாளியின் குரலையும் பேச்சையும் கவனிப்பது. பையனின் மொழியே எனக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. ஆனால் மீதிப் பாதி செவிப்பறைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே என் நாடி பார்க்கும் விரலும் எட்டாது, கண்ணும் எட்டாது.

“அப்பத்தா, தைலம் இப்ப வேண்டாம். முதல்ல அந்தப் பறைக்குப் பின்னால என்ன இருக்குன்னு பார்த்துருவோம்” என்றேன்.

“பறைக்குப் பின்னாலயா? அதை எப்படிய்யா பார்ப்பாங்க, அறுத்தா பார்ப்பாங்க?” என்று பயந்துவிட்டார்.

“நீங்க தேங்காய் எப்படி வாங்குவீங்க? உடைச்சுப் பார்த்தா?”

“தட்டிப் பார்த்து.”

“அதே மாதிரிதான் இதுவும்” என்றேன்.

ஒலியால் தட்டிப் பார்ப்பது

இந்தப் பரிசோதனைக்கு டிம்பனோமெட்ரி என்று பெயர். ஈ.என்.டி. டாக்டரிடமோ, செவித்திறன் பரிசோதகரான ஆடியாலஜிஸ்டிடமோ செய்வார்கள். காதுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ஊசி இல்லை, மருந்து இல்லை, மயக்கம் இல்லை. குழந்தை அழாமல், பேசாமல், விழுங்காமல் சில விநாடி உட்கார்ந்திருந்தால் போதும்.

மெத்தென்ற ரப்பர் முனையைக் காது துவாரத்தில் காற்றுப் புகாதபடி பொருத்துவார்கள். அந்த முனைக்குள் மூன்று சிறு வழிகள். ஒன்றின் வழியே விநாடிக்கு 226 அதிர்வுகள் உள்ள ஒரு மெல்லிய ரீங்காரம் உள்ளே போகும். இன்னொன்றில் ஒரு குட்டி மைக் இருக்கும். மூன்றாவது வழி ஒரு சிறு காற்றுப் பம்பு.

செவிப்பறை நன்றாக அசைந்தால், வந்த ஒலியில் பெரும்பங்கை அது உள்ளே வாங்கிக்கொள்ளும். திரும்பி வரும் ஒலி குறைவு. பறை விறைத்திருந்தாலோ, பின்னால் நீர் நின்றாலோ, சுவரில் எறிந்த பந்து போல ஒலி திரும்பி வரும். மைக் அதை அளந்துவிடும்.

இந்த நேரத்தில் பம்பு என்ன செய்கிறது? காது துவாரத்தின் அழுத்தத்தை முதலில் கொஞ்சம் கூட்டி, பிறகு சிறுகச் சிறுகக் குறைக்கிறது. டெக்காபாஸ்கல் என்ற அளவில் சொன்னால், கூட்டல் 200-லிருந்து கழித்தல் 400 வரை. நம் மலை பஸ் செய்வதையே இந்தப் பம்பு நாற்காலியில் உட்கார வைத்துச் செய்கிறது. சுமார் 90 மீட்டர் உயரம் இறங்கினால் காற்றழுத்தம் ஏறத்தாழ 100 டெக்காபாஸ்கல் மாறும். அதாவது மலைப்பாதையில் சில வளைவுகள்!

வெளி அழுத்தமும் உள் அழுத்தமும் எந்த இடத்தில் சமமாகிறதோ, அந்த இடத்தில்தான் செவிப்பறை மிக நன்றாக அசையும். கிராஃபில் அது ஒரு சிகரமாகத் தெரியும். சிகரம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் நடுச்செவியின் அழுத்தம் தெரிந்துவிடும். காதைத் திறக்காமலே உள்ளறையின் காற்றை அளந்தாயிற்று!

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஓட்டோ மெட்ஸ் என்ற மருத்துவர் 1946-ல் வெளியிட்ட ஆராய்ச்சிதான் இதற்கு அடிப்படை. அழுத்தத்தை மாற்றி அளக்கும் முறையை, அதே நாட்டின் டெர்கில்ட்சனும் தாம்சனும் 1959-ல் கொண்டுவந்தார்கள். கிராஃபின் வடிவங்களை அமெரிக்காவின் ஜேம்ஸ் ஜெர்கர் 1970-ல் வகைப்படுத்தினார். இன்றும் ரிப்போர்ட்டில் அந்த எழுத்துகளையே போடுகிறார்கள்.

ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

*‘ஏ’ வகை:* சிகரம் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். நடுச்செவியின் அழுத்தமும் அசைவும் சரியாக உள்ளன.

*‘ஏ’ வகையில் சிகரம் மிகக் குட்டையானால்:* எலும்புச் சங்கிலி இறுகியிருக்கலாம். அங்கவடி எலும்பு கெட்டிப்படும் ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்ற நோயில் இப்படி வரலாம்.

*சிகரம் மிக உயர்ந்தால்:* செவிப்பறை தளர்ந்திருக்கலாம். அடிபட்டு எலும்புச் சங்கிலி அறுந்திருக்கவும் கூடும்.

*‘சி’ வகை:* சிகரம் கழித்தல் பக்கம், 100-க்கும் கீழே நகர்ந்திருக்கும். யூஸ்டேஷியன் குழாய் சரியாகத் திறக்கவில்லை. நீர் கோக்கப் போவதற்கோ, கோத்த நீர் வற்றிவருவதற்கோ அடையாளம்.

*‘பி’ வகை:* சிகரமே இல்லை. கோடு தட்டையாகக் கிடக்கும். இங்கேதான் கவனம் தேவை. தட்டைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே ‘காதுத் துவாரத்தின் கொள்ளளவு’ என்று ஓர் எண் இருக்கும். அதைச் சேர்த்துப் பார்க்காமல் எதுவும் சொல்லக்கூடாது. சின்னக் குழந்தைக்கு அது ஒரு மில்லிலிட்டருக்குள் இயல்பாக இருந்தால், பறைக்குப் பின்னால் நீர் இருக்க வாய்ப்பு அதிகம். மிகக் குறைவாக இருந்தால், அழுக்கு அடைத்திருக்கலாம், அல்லது ரப்பர் முனை காதுச் சுவரில் முட்டியிருக்கலாம். இரண்டு மில்லிலிட்டருக்கு மேல் போனால் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது, நடுச்செவி அறையும் சேர்ந்து அளவுக்குள் வந்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும்.

மலை ஊர்களில் முகாம் போடுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைவதால், சமவெளியில் அளவு சரிசெய்த கருவி மலையில் கூடுதலாகக் காட்டும். சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் ஒரு மில்லிலிட்டர் காற்றறையை அது 1.3 போலக் காட்டக்கூடும். கருவியோடு தரப்படும் அளவுக் குழியில் வைத்து, அந்த ஊரிலேயே சரிசெய்துகொள்ள வேண்டும்.

இது சொல்லாதது என்ன?

டிம்பனோமெட்ரி காது எவ்வளவு கேட்கிறது என்று சொல்லாது. அதற்கு ஆடியோகிராம் எடுக்க வேண்டும். உட்காது நரம்பு பழுதுபட்டுச் சுத்தமாகக் காது கேளாதவருக்கும் ‘ஏ’ வகை அழகாக வரும். “கிராஃப் நார்மல், குழந்தைக்குக் காது நார்மல்” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட பச்சைக் குழந்தைக்கு 226 அதிர்வு ஒலி ஏமாற்றிவிடும். அவர்களுக்கு 1,000 அதிர்வுள்ள ஒலியை உபயோகிப்பார்கள். டாக்டர் விளக்கடித்துக் காதைப் பார்ப்பதற்கு இந்தக் கிராஃப் துணையே தவிர, மாற்று அல்ல.

கைபேசியிலேயே இதைச் செய்யவும் ஆராய்ச்சி நடக்கிறது. ஒரு காகிதப் புனலைக் கைபேசியில் ஒட்டி, காதுக்குள் சிறு ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்டு நீர் இருக்கிறதா என்று அறியும் முறையை 2019-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டார்கள். நல்ல முயற்சி. அதற்காக வீட்டில் நாமாகச் செய்து பார்த்து வைத்தியம் ஆரம்பிப்பது சரியல்ல.

நான் செய்த தவறு

இந்தப் பாட்டிக்கு நான் ஏன் தைலம் தரவில்லை? அதைச் சொன்னால்தான் இந்தக் கட்டுரை முழுமையாகும்.

தொழில் தொடங்கிய புதிதில் ஒரு சிறுமியை அழைத்து வந்தார்கள். காதில் அரிப்பு, மந்தம். சீழ் அப்போது வற்றியிருந்தது. நான் செவிப்பறையைச் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்கும் கருவியும் என்னிடம் இல்லை. காய்ச்சிய தைலம் கொடுத்துச் சொட்டு விடச் சொன்னேன். இரண்டு வாரத்தில் மறுபடி வந்தார்கள். காதிலிருந்து நாற்றத்தோடு சீழ். ஈ.என்.டி. நிபுணர் பார்த்துவிட்டு, பறையில் ஓட்டை இருப்பதையும், எண்ணெய் ஈரத்தில் பூஞ்சை வளர்ந்திருப்பதையும் காட்டினார். அந்தக் குழந்தைக்கு ஓட்டையை அடைக்க ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. ஓட்டை என்னால் வந்ததல்ல. ஆனால் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் உள்ளே ஊற்றச் சொன்னது நான்தான்.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். பறை முழுசாக இருக்கிறதென்று தெரியாமல் எந்தக் காதிலும் எதையும் விடச் சொல்வதில்லை.

நம் வீடுகளில் என்னென்னவோ விடுகிறோம். பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், வெங்காயச் சாறு, தாய்ப்பால். நீர் கோத்த காதில் இவை பறைக்கு வெளியிலேயே நின்றுவிடும். நீர் இருப்பதோ உள்ளே. பயனே இல்லை. பறையில் ஓட்டை உள்ள காதிலோ நேராக உள்ளே இறங்கிக் கெடுதல் செய்யும். ஒன்றில் வீண், இன்னொன்றில் விஷம்!

எத்தனை குழந்தைகள்?

இது எங்கோ ஒரு குழந்தையின் கதை அல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஒரு கிராமத் தொடக்கப்பள்ளியில் 284 குழந்தைகளைப் பரிசோதித்து 1997-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ எட்டில் ஒரு குழந்தைக்குக் கேட்கும் திறன் குறைந்திருந்தது. காரணங்களில் நடுச்செவி நோய்க்கு முக்கிய இடம். 1999-ல் அதே கல்லூரியிலிருந்து வந்த இன்னோர் ஆய்வில், கிராமக் குழந்தைகளில் நூற்றுக்கு சுமார் ஆறு பேருக்கு நாள்பட்ட காதுச் சீழ் இருந்தது.

காது கேளாமையைத் தடுக்க மத்திய அரசு 2006-07-ல் தனித் திட்டம் தொடங்கியது. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில், அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு பார்க்க வேண்டியவற்றில் நடுச்செவி அழற்சியும் உண்டு. அந்தக் குழு வரும் நாளில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை

• கூப்பிட்டால் திரும்பாத, டி.வி. சத்தத்தைக் கூட்டுகிற, “என்ன? என்ன?” என்று கேட்கிற, படிப்பில் திடீரெனப் பின்தங்கும் குழந்தையைத் திட்டும் முன் காதைப் பரிசோதியுங்கள்.

• சளி பிடித்தால் மூக்கை ஒவ்வொரு பக்கமாக மெதுவாகச் சிந்தச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்தக்கூடாது.

• கைக்குழந்தைக்குப் படுக்க வைத்துப் புட்டிப்பால் தராதீர்கள். தலையை உயர்த்திப் பிடித்துப் பாலூட்டுங்கள்.

• வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை வேண்டாம். விறகடுப்புப் புகையும் குழந்தையின் காதுக்கு எதிரி.

• தடுப்பூசி அட்டவணையை, நிமோகாக்கல் ஊசி உட்பட, முடித்துவிடுங்கள்.

• சீழ் வடியும் காதில் தண்ணீர் படக்கூடாது. குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சை வைத்து அடையுங்கள். ஹேர்பின், தீக்குச்சி, கோழியிறகு எதுவும் காதுக்குள் போகக்கூடாது.

• காதின் பின்பக்கம் வீக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல், தலைசுற்றல், காய்ச்சலோடு கடும் தலைவலி, நாற்றமடிக்கும் சீழ் — இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கை வைத்தியத்துக்கு இங்கே இடமில்லை.

“சித்த வைத்தியர் நீங்களே இப்படிச் சொல்லலாமா?” என்று சிலர் கேட்பார்கள். சளிக்கு, செரிமானத்துக்கு, உடல் தேற நான் மருந்து தருகிறேன். காதுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது தெரியாது என்று சொல்வதும் வைத்தியம்தான்.

பேரன் என்ன ஆனான்?

ஆடலூர்ப் பையனுக்குத் திண்டுக்கல்லில் பரிசோதனை நடந்தது. இரண்டு காதிலும் தட்டைக் கோடு. கொள்ளளவு 0.6 மில்லிலிட்டர். ஓட்டை இல்லை, நீர்தான். இரண்டு காதையும் விரலால் பொத்திக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தால் எப்படிக் கேட்குமோ, அவனுக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. அதற்குத்தான் அடியும் வாங்கியிருக்கிறான்.

ஈ.என்.டி. டாக்டர் அவசரப்படவில்லை. இத்தகைய நீர் பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானே வற்றிவிடும், பொறுத்துப் பார்க்கலாம் என்றார். அதுவரை முன்வரிசையில் உட்கார வைக்க டீச்சருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து வலது காதில் சிகரம் திரும்பியிருந்தது. இடது காதில் அதே தட்டைக் கோடு. மூக்கின் பின்னால் அடினாய்டு சதையும் பெருத்திருந்தது. அதை எடுத்து, இடது பறையில் கிராமெட் என்ற மிகச் சிறிய குழாயைப் பொருத்தினார்கள். அது சுமார் ஒரு வருஷத்துக்குள் தானே விழுந்துவிடும்.

பிறகு எடுத்த ரிப்போர்ட்டைப் பாட்டி என்னிடம் கொண்டுவந்தார். “இடது காதுல இன்னமும் கோடு படுத்தே கெடக்குய்யா” என்று வருத்தப்பட்டார்.

எண்ணைப் பார்த்தேன். கொள்ளளவு 0.6 அல்ல. மூன்று மில்லிலிட்டருக்கு மேல்! குழாய் திறந்திருக்கிறது, உள்ளறைக்குக் காற்றுப் போகிறது என்று அர்த்தம். முன்பு நோயைச் சொன்ன அதே தட்டைக் கோடு, இப்போது நல்ல சேதி சொல்கிறது.

“கோடு படுத்திருந்தாலும் காது எழுந்துருச்சு அப்பத்தா” என்றேன்.

முதுகுப் பக்கமிருந்து அவன் பெயரை மெதுவாகக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தான்.